மொழி வகுப்பில் பண்பாட்டை ஆராய்வது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

பி.எட். முடித்து முதல் முறையாக மொழிப்பாடம் எடுக்க வந்தவர்கள், முதுகலை ஆய்வேடு எழுதுகிறவர்கள், பல வருடம் பாடம் நடத்திவிட்டு இப்போதுதான் ஓர் ஆய்வு செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் என எல்லோரும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். 'மொழிக் கற்பித்தலில் பண்பாட்டின் பங்கு' என்று தலைப்பை எழுதிவிடுவார்கள். அடுத்த வரி வராது. வந்தாலும் பொங்கல், கோலம், கரகாட்டம், மரபு உணவு என்று ஒரு பட்டியலாக வரும்.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஏன் ஒரு பத்தியைப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. சொல்ல முடிய வேண்டுமானால் பண்பாட்டை வேறு இடத்தில் தேட வேண்டும். ஒரு பாடத்தை எழுதுகிறவர் "இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று பல விஷயங்களைச் சொல்லாமல் விடுகிறார். படிக்கிற பிள்ளையும் வீட்டிலிருந்து தனக்குத் தெரிந்த பலவற்றை மனதில் வைத்துக்கொண்டுதான் உட்கார்கிறாள். இந்த இரண்டும் எங்கே பொருந்துகின்றன, எங்கே விலகுகின்றன? ஆராயக்கூடிய இடம் அதுதான். பணம் தேவையில்லை. ஒரு வகுப்பு, ஒரு கல்வியாண்டு, பதிவு செய்யக்கூடிய ஒரு கைப்பேசி, இரண்டு நோட்டுப் புத்தகங்கள் போதும்.

இந்த ஆய்வுக்கு நம் இரண்டு மாவட்டங்களைப் போல வாய்ப்பான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஓசூர், தளி, பாகலூர், வேப்பனப்பள்ளி பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழி. கிருஷ்ணகிரி நகரில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. தேன்கனிக்கோட்டை மலைப்பகுதியில் இருளர் குடியிருப்புகள், அரூர் பக்கம் சித்தேரி மலையில் மலையாளிப் பழங்குடியினர், தருமபுரியில் லம்பாடித் தண்டாக்கள். ஓசூர் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் பிள்ளைகளும் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு 1ஆம் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழ் கட்டாயப் பாடமானது. அதனால் தமிழைப் பள்ளியில் வந்து கற்கிற பிள்ளைகள் இங்கே ஏராளம்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

'கிருஷ்ணகிரி மாவட்ட மாணவர்களின் பண்பாட்டுப் பின்புலமும் தமிழ் கற்றலும்' என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. ஒரு வாழ்நாளில் முடியாது. கேள்வி ஒரு வகுப்புக்குள், ஒரு பருவத்துக்குள் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். சில மாதிரிகள் தருகிறேன்.

என் 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குப் பழக்கமான சூழலில் நடக்கும் கதையையும் பழக்கமில்லாத சூழலில் நடக்கும் கதையையும் படித்துத் திருப்பிச் சொல்லும்போது என்ன வித்தியாசம் தெரிகிறது? திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள், பாரதக் கதை வரும் செய்யுளை மற்றவர்களைவிட எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்களா? வகுப்பில் நான் கேட்கும் கேள்விகளில் எந்த வகைக்குத் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள், எந்த வகைக்கு மௌனமாகிறார்கள்?

இப்படி ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். இரண்டை எடுத்தால் இரண்டும் அரைகுறையாக நிற்கும்.

யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"உன் தாய்மொழி என்ன?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிடாதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தளமான எமிஸ் பதிவில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஒரு சொல்தான் போட முடியும். வீட்டில் பாட்டியிடம் தெலுங்கிலும், அண்ணனிடம் தமிழிலும், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன அப்பாவிடம் போனில் கன்னடம் கலந்தும் பேசுகிற பிள்ளைக்கு அந்தக் கட்டம் போதாது. பள்ளியில் தமிழ் என்று சொல்வதுதான் சரி என்று நினைத்து அப்படியே சொல்லிவிடுகிற பிள்ளைகளும் உண்டு.

அதற்குப் பதிலாக ஒரு மொழி வரைபடம் போட வையுங்கள். ஒரு தாளில் நடுவில் பிள்ளையின் உருவத்தை வரையச் சொல்லுங்கள். சுற்றிலும் தினமும் பேசுகிற ஆட்களை வரைந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டின் மேல் எந்த மொழி என்று எழுதச் சொல்லுங்கள். சாமி கும்பிடும்போது, கோபம் வரும்போது, ரீல்ஸ் பார்க்கும்போது எந்த மொழி என்றும் கேளுங்கள். ஒரு பாட வேளையில் முடிந்துவிடும். தெலுங்கு வகுப்பு, தமிழ் வகுப்பு என்று நாம் மனதில் பிரித்து வைத்திருப்பதெல்லாம் அன்றைக்கே கலைந்துவிடும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: அந்தப் பிள்ளை எதையெல்லாம் கண்ணால் பார்த்திருக்கிறது. மாந்தோப்பு, எருது விடும் விழா, ரோஜாப் பண்ணை, செங்கல் சூளை, ரயில், கடல். சூளகிரி பக்கத்து ஊரில் வளரும் பிள்ளைக்கும் ஓசூர் சிப்காட் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்கும் மாவட்டம் ஒன்றுதான், அனுபவம் ஒன்றல்ல. 'கிருஷ்ணகிரிப் பண்பாடு' என்று ஒன்றை நாமே கற்பனை செய்துகொண்டு அதன்மேல் ஆய்வைக் கட்டினால் முழுக் கட்டடமும் சாய்ந்துவிடும்.

அனுமதி

உங்கள் சொந்த வகுப்பில் செய்வதானால் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெளியிலிருந்து ஓர் அரசுப் பள்ளிக்குள் போவதானால் முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அது கைக்கு வர நாளாகும் என்பதால் முதலிலேயே விண்ணப்பியுங்கள்.

பெற்றோரின் சம்மதம் இதைவிட முக்கியம். தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னால், பிள்ளையே போட்டுக்கொண்டு வந்துவிடும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும் நாளில் நேரில் விளக்குங்கள். தமிழ் சரளமாகப் புரியாதவர்களுக்கு அவர்கள் மொழியில் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளையின் குரலைப் பதிவு செய்வோம், பெயர் எங்கும் வராது, மதிப்பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் விட்டுவிடுவோம் என்ற நான்கையும் சொல்லியாக வேண்டும். பிறகு பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள். அப்பா சரி சொல்லிவிட்டார் என்பதால் பிள்ளை பேசியே ஆக வேண்டும் என்று கிடையாது.

பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது. ஊர் பெயரைப் போட்டு, '6ஆம் வகுப்பில் படிக்கும் ஒரே ஒடியா மாணவன்' என்று எழுதினால் அவன் யாரென்று ஊருக்கே தெரியும். சாதியைக் கேட்க வேண்டிய தேவை உங்கள் கேள்வியில் இல்லையென்றால் கேட்கவே கேட்காதீர்கள். பழக்கத்தில் படிவத்தில் ஒரு வரியாகச் சேர்ந்துவிடும். அதை எடுத்துவிடுங்கள்.

வீட்டுக்குப் போங்கள், கற்றுக்கொள்கிறவராக

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவிர்ப்பதும் இதைத்தான்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரில் லூயிஸ் மோல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு வேலை செய்தார்கள். மெக்ஸிகோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்குப் பள்ளி ஆசிரியர்களையே அனுப்பினார்கள். அறிவுரை சொல்வதற்காக அனுப்பவில்லை. அந்த வீட்டில் என்னென்ன அறிவு இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக அனுப்பினார்கள். விவசாயம், சுரங்கம், கால்நடை, கட்டட வேலை, வீட்டு வைத்தியம், எல்லை தாண்டிய சிறு வணிகம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறிவுச் சேமிப்பு இருப்பதைக் கண்டார்கள். அதில் ஒரு பையன் மெக்ஸிகோ மிட்டாய் விற்பவன் என்று தெரிந்ததும், மிட்டாயை வைத்தே வகுப்பில் ஒரு பாடத்தொகுதி உருவானது. ஒரு தாய் வகுப்புக்கே வந்து மிட்டாய் செய்து காட்டினார். 1992இல் வெளியான இந்த ஆய்வு உலகம் முழுக்க மொழி ஆசிரியர்கள் வீட்டைப் பார்க்கும் விதத்தை மாற்றியது.

நம் ஊரில் இதைச் செய்ய நாள் பார்த்துப் போக வேண்டும். மாங்காய் பறிப்பு நடக்கும்போது தோப்பு வேலைக்குப் போகும் வீடுகளில் பகலில் யாரும் இருக்க மாட்டார்கள். மாலையில் விளக்கு வைத்த பிறகு போங்கள். படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் ஏதோ அரசாங்கக் கணக்கெடுப்பு என்று நினைத்துச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். களி சாப்பிடச் சொன்னால் உட்காருங்கள்.

"எனக்கு என்னங்க தெரியும் டீச்சர், நான் படிக்கலீங்களே" என்று அம்மா சொல்வார். அங்கேயே பேச்சை நிறுத்திவிடக் கூடாது. "மரத்துல பூ பிடிக்கறப்பவே இந்த வருஷம் காய் எப்படி இருக்கும்னு சொல்லிடுவீங்களாமே, எப்படீங்கம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். பனி, மேகமூட்டம், பூச்சி, பிஞ்சு உதிர்வு, குத்தகைக்காரர் வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்து விலை சொல்வது, எந்தக் காய் கூழ் தொழிற்சாலைக்கு, எந்தக் காய் மண்டிக்கு என்று விரியும். காரணம் காட்டி, ஒப்பிட்டு, முன்கூட்டிக் கணித்துப் பேசுகிற பேச்சு அது. பள்ளியில் 'கட்டுரை எழுதும் திறன்' என்று நாம் எதிர்பார்ப்பதும் இதே திறன்தான்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: யார் கதை சொல்கிறார்கள், பிள்ளையைக் குறுக்கே பேச விடுகிறார்களா, எழுத்து எந்த வடிவத்தில் வீட்டுக்குள் இருக்கிறது. தினசரி காலண்டர், மகளிர் குழுவின் கணக்கு நோட்டு, மருந்துச் சீட்டு, வாட்ஸ்அப் குரல்செய்தி எல்லாமே கணக்கில் வரும். வீட்டை விட்டு வெளியே வந்த அரை மணி நேரத்துக்குள் குறிப்பை எழுதிவிடுங்கள். பார்த்ததை ஒரு பக்கத்திலும் நீங்கள் நினைத்ததை எதிர்ப்பக்கத்திலும் எழுதினால் பின்னால் இரண்டும் கலக்காது.

ஊரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த பெண் யாராவது இருந்தால் அவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். எந்த வீட்டில் எப்போது பேசலாம் என்று அவருக்குத்தான் தெரியும்.

பாடத்தை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

ஆய்வுக்கு எடுத்த பாடத்தைப் பிரதி எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் 'இது புரிய வேண்டுமானால் முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும்?' என்று எழுதுங்கள். புறநானூற்றில் ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய 91ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். அவனுடைய தகடூர்தான் இன்றைய தருமபுரி. நம் பிள்ளைகளுக்கு நெல்லிக்கனிக் கதை தெரிந்திருக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். தினமும் அதியமான்கோட்டை வழியாகப் பேருந்தில் வருகிற பிள்ளை அந்த ஊர்ப்பெயரையும் பாட்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறதா என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நடுகல் பற்றிய பாட்டானால், தருமபுரி அருங்காட்சியகத்திலோ தன் ஊர் வயலோரத்திலோ ஒரு நடுகல்லைப் பார்த்த பிள்ளைக்கும் பார்க்காத பிள்ளைக்கும் அந்தப் பாட்டு ஒரே மாதிரி இருக்காது. ஆனால் எவ்வளவு வித்தியாசம் என்று அளந்து பார்க்காமல் சொல்லக் கூடாது.

அளந்து பார்க்கும் எளிய முறை: இரண்டு பத்திகள்

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. மார்கரெட் ஸ்டெஃபன்சன், சித்ரா ஜோக்தேவ், ரிச்சர்ட் ஆண்டர்சன் ஆகிய மூவர் 1979இல் வெளியிட்ட ஆய்வு அது. இந்தியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் இரண்டு கடிதங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று இந்தியத் திருமணத்தைப் பற்றியது, மற்றது அமெரிக்கத் திருமணத்தைப் பற்றியது. இரு தரப்பினரும் தங்கள் பண்பாட்டுக் கடிதத்தை வேகமாகப் படித்தார்கள், அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். மற்றதைத் திருப்பிச் சொல்லும்போது பொருளையே மாற்றினார்கள். அமெரிக்க மணப்பெண் பாட்டியின் திருமண உடையை அணிந்திருந்தாள் என்று கடிதத்தில் வருகிறது. அங்கே அது பெருமைக்குரிய வழக்கம். அதைப் படித்த இந்தியர் ஒருவர், உடை பழையதாகவும் நாகரிகம் போனதாகவும் இருந்தது என்று திருப்பிச் சொன்னார். அந்த வாக்கியத்தில் மொழி அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

இதை நம் வகுப்புக்கு ஏற்றபடி செய்யலாம். ஒரே எலும்புக்கூட்டில் இரண்டு கதைகள் எழுதுங்கள், ஒவ்வொன்றும் சுமார் 150 சொற்கள். முதல் கதையில் ஒரு சிறுமி அப்பாவோடு விடியற்காலையில் மாங்காய் மண்டிக்குப் போகிறாள். இரண்டாவதில் ஒரு சிறுமி அப்பாவோடு நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீன் ஏலத்துக்குப் போகிறாள். இரண்டிலும் விலை விழுகிறது, அப்பா தயங்குகிறார், தெரிந்தவர் ஒருவர் வருகிறார், கடைசியில் ஒரு விலைக்கு முடிகிறது. இரண்டிலும் ஒரு காரணத்தைச் சொல்லாமல் விடுங்கள். காய் பழுத்துவிட்டால் மதிப்புப் போய்விடும் என்பதை முதலிலும், ஐஸ் கரைந்துகொண்டிருக்கிறது என்பதை இரண்டாவதிலும் எழுதாதீர்கள். "அப்பா ஏன் அவசரப்பட்டார்?" என்ற கேள்வியை மட்டும் கடைசியில் கேளுங்கள்.

வாக்கிய நீளமும் கடினச் சொற்களின் எண்ணிக்கையும் இரண்டிலும் சமமாக இருக்க வேண்டும். இன்னொரு மொழி ஆசிரியரைப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். வகுப்பில் பாதிப் பேர் மாங்காய்க் கதையை முதலில் படிக்கட்டும், மீதிப் பேர் மீன் கதையை முதலில் படிக்கட்டும். இல்லையென்றால் இரண்டாவது கதையில் வரும் களைப்பும் பழக்கமும் உங்கள் முடிவைக் கெடுத்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளை கதையைப் புரிந்துகொள்ளவில்லை என்றால் அதற்குக் காரணம் பண்பாடு அல்ல. அதனால் முதலில் ஒவ்வொருவரையும் ஒரு சிறு பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். திணறுகிறவர்களுக்குக் கதையை நீங்களே படித்துக் காட்டிவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்களுடைய முடிவுகளைத் தனியாக வையுங்கள்.

விடுபட்ட இடத்தை நிரப்பும் தேர்வையும் சிலர் பயன்படுத்துவார்கள். ஆங்கிலத்தில் ஐந்து சொல்லுக்கு ஒன்றை நீக்குவது வழக்கம். தமிழில் ஒரே சொல்லுக்குள் காலம், பால், எண், வேற்றுமை எல்லாம் உட்கார்ந்திருப்பதால் அது மிகக் கடினமாகிவிடும். ஏழு அல்லது எட்டுக்கு ஒன்று என்று வைத்துப் பாருங்கள். பொருள் சரியா, விகுதி சரியா என்று இரண்டு மதிப்பெண்களைத் தனித்தனியாகப் போடுங்கள்.

பதிவைக் கேட்பதும் பிரிப்பதும்

பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். திருத்தாதீர்கள். "அம்மா வந்துச்சு" என்றால் அப்படியே இருக்கட்டும். அதைக் கேட்டதும் தெலுங்கின் தாக்கம் என்று எழுதத் தோன்றும், ஏனென்றால் தெலுங்கில் பெண்பால் ஒருமைக்கும் அஃறிணை ஒருமைக்கும் ஒரே வினைமுடிவுதான். ஆனால் தமிழை மட்டுமே பேசும் வீட்டிலும் "அம்மா வந்துச்சு, பாட்டி போச்சு" என்பது சாதாரணப் பேச்சு. தமிழ் மட்டும் பேசும் வீட்டுப் பிள்ளைகளின் பதிவோடு ஒப்பிடாமல் எதையும் இன்னொரு மொழியின் தலையில் கட்டக் கூடாது.

கதையை முன்பே சிறு சிறு கருத்துகளாகப் பிரித்து எண்ணிட்டு வைத்திருங்கள். முப்பது அளவில் வரும். ஒவ்வொரு பிள்ளையும் எதைச் சொன்னது, எதை விட்டது, எதை மாற்றியது, எதைப் புதிதாகச் சேர்த்தது என்று நான்கு கட்டங்களாகக் குறியுங்கள். எத்தனை சொன்னது என்ற எண்ணிக்கையைவிட, மாற்றியதும் சேர்த்ததும்தான் அதிகம் பேசும். மீன் கதையில் ஒரு பிள்ளை "மீனைப் பழுக்க வெச்சு வித்தாங்க" என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். தனக்குத் தெரிந்த மண்டியின் வழியாக அது துறைமுகத்தைப் புரிந்துகொள்ள முயல்கிறது. அந்த முயற்சியிலிருந்துதான் அடுத்த பாடத்தைத் தொடங்க முடியும்.

ஐந்தில் ஒரு பங்கு பதிவுகளை இன்னோர் ஆசிரியர் தனியாகக் குறியிடட்டும். இருவர் குறியும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே உட்கார்ந்து பேசி விதியைத் தெளிவாக்குங்கள். முடிவை எழுதும்போது முப்பது பேர் உள்ள வகுப்புக்கு சதவீதம் வேண்டாம். '30 பேரில் 19 பேர்' என்று எழுதினால் நேர்மையாக இருக்கும்.

உங்கள் கேள்விகளையும் பதிவு செய்யுங்கள்

மாணவர்களை மட்டும் ஆராய்ந்தால் பாதி வேலைதான். ஷெர்லி பிரைஸ் ஹீத் என்ற மானிடவியலாளர் அமெரிக்காவின் கரோலினா பகுதியில் அருகருகே இருந்த சமூகங்களில் பல வருடம் தங்கிக் கவனித்து, 1983இல் தன் ஆய்வை வெளியிட்டார். ஒரு கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பில், விடை தெரிந்துகொண்டே பெரியவர்கள் குழந்தையிடம் கேள்வி கேட்கும் வழக்கம் மிகக் குறைவு. "அது எது மாதிரி இருக்கு?" என்பது போன்ற கேள்விகளே அங்கே அதிகம். பள்ளியிலோ "இது என்ன நிறம்?" என்று, ஆசிரியருக்குத் தெரிந்த விடையையே கேட்கிறார்கள். பிள்ளைகள் மௌனமானார்கள். ஆசிரியர்கள் கேள்வியின் விதத்தை மாற்றியபோது அந்தப் பிள்ளைகள் பேசினார்கள்.

ஒரு பாட வேளை முழுவதையும் பதிவு செய்து, நீங்கள் கேட்ட கேள்விகளில் உங்களுக்கே விடை தெரிந்தவை எத்தனை, தெரியாதவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் யார் பதில் சொன்னார்கள், கேள்விக்குப் பிறகு எத்தனை விநாடி காத்திருந்தீர்கள் என்றும் குறியுங்கள்.

பாடத்தை மாற்றிப் பாருங்கள்

உளவியலாளர் குர்ட் லெவின் 1946இல் எழுதிய செயலாய்வு முறையில் திட்டமிடுதல், செய்தல், கவனித்தல், மறுபடி திட்டமிடுதல் என்று வட்டமாகப் போக வேண்டும். மீன் கதையில் பிள்ளைகள் தடுமாறினார்கள் என்று எழுதி முடித்துவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அடுத்த முறை கடல் சார்ந்த பாடம் வரும்போது, மண்டியில் என்ன நடக்கும் என்று பிள்ளைகளையே முதலில் சொல்ல வைத்து, அங்கிருந்து ஏலத்துக்குப் போங்கள். பிறகு அதே அளவில் வேறொரு கதையைக் கொடுத்து அளந்து பாருங்கள்.

பாடப்புத்தகத்தில் இனி கடலே வரக் கூடாது, எல்லாம் மாந்தோப்பாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு மட்டும் தயவுசெய்து வந்துவிடாதீர்கள். தனக்குத் தெரியாத வாழ்க்கையைப் படித்து அறிகிற உரிமை மலையடிவாரப் பிள்ளைக்கும் உண்டு. அதற்கு எந்த வாசல் வழியாக அழைத்துப் போவது என்பதுதான் நம் ஆய்வு.

புலம்பெயர்ந்த தொழிலாளர் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1980களின் தொடக்கத்திலேயே காட்டினார்: புதிய மொழியில் அன்றாடப் பேச்சு சுமார் இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடம் படித்து எழுதும் அளவுக்கான மொழி வர ஐந்து முதல் ஏழு வருடம்கூட ஆகும். விளையாட்டில் நன்றாகத் தமிழ் பேசுகிற ஒடியாப் பையன் தேர்வில் எழுதாவிட்டால், அவனைச் சோம்பேறி என்று குறிப்பில் எழுதாதீர்கள். அதேபோல 'பின்தங்கிய குடும்பச் சூழலே காரணம்' என்ற வாக்கியத்தை உங்கள் ஆய்வில் எங்கும் வர விடாதீர்கள். அந்த ஒரு வரி, நீங்கள் வீடு வீடாகப் போய்க் கண்ட அத்தனை அறிவையும் அடித்துவிடும்.

காலமும் எழுத்தும்

ஜூனில் பள்ளி திறந்ததும் மொழி வரைபடம், சம்மதம். ஜூலை, ஆகஸ்டில் வீட்டுப் பயணங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்து முதல் அளவீடு. அரையாண்டுக்கு முன் கற்பிக்கும் முறையை மாற்றிப் பார்ப்பது. பொங்கல் விடுமுறைக்குப் பின் இரண்டாவது அளவீடு. பிப்ரவரியில் எழுத உட்காரலாம். ஒன்று நழுவினாலும் ஆண்டுத் தேர்வு நெருங்கிவிடும், பிறகு யாருக்கும் நேரம் இருக்காது.

தமிழிலேயே எழுதுங்கள். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவன விரிவுரையாளர்கள் செயலாய்வுகளைப் படித்துக் கருத்துச் சொல்வார்கள், அவர்களிடம் வரைவைக் காட்டுங்கள். படிக்க நூல்கள் வேண்டுமானால், ஓசூரிலிருந்து போய் வரக்கூடிய தூரத்தில் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. 1969இல் தொடங்கிய நிறுவனம் அது. பல இந்திய மொழிகளைக் கற்பிப்பது பற்றிய நூல்களை அது வெளியிட்டிருக்கிறது. ஆய்வு முடிந்ததும் பெற்றோர் கூட்டத்தில் என்ன கண்டீர்கள் என்று வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள். குரல் பதிவுகளை அழித்துவிடுங்கள்.

உங்கள் முடிவு வலுவானதா என்று பார்க்க இன்னும் ஒரு வேலை உண்டு. அந்த 1979 ஆய்வுக்கு வலு கிடைத்தது இரு தரப்பினரும் இரண்டு கடிதங்களையும் படித்ததால்தான். நாகப்பட்டினத்திலோ ராமநாதபுரத்திலோ கடலோரப் பள்ளி ஒன்றில் பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவரைக் கண்டுபிடித்து, உங்கள் இரண்டு கதைகளையும் குறியிடும் விதிகளையும் அனுப்பி வையுங்கள். அவருடைய பிள்ளைகள் ஏலக் கதையில் சரளமாகவும் மண்டிக் கதையில் தடுமாறியும் வந்தால், நீங்கள் அளந்தது பண்பாட்டைத்தான் என்று துணிந்து சொல்லலாம். அவர்களும் மீன் கதையிலேயே தடுமாறினால் அந்தக் கதையை நீங்கள் கடினமாக எழுதிவிட்டீர்கள் என்று பொருள், கதையைத் திருத்திவிட்டு அடுத்த ஜூனில் மறுபடி தொடங்குங்கள்.